படுத்துப் பார்க்க வேண்டிய படம்

அக்கா, முதலில் இதை நீ மட்டும் படி. அம்மாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நீயே முடிவு செய். வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாகிவிடும் என்று பெரிதாகச் சொன்னேன் இல்லையா? ஆகவில்லை. வேலை போகவும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து போனிடம் முணுமுணுத்துக்கொண்டு வருகிறேன், அது எழுத்தாக்குகிறது. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார், பார்க்கட்டும்.

ஆஸ்பத்திரியில் படம் மாட்டுகிற வேலை என்றதும், "ஊசி போடுற இடத்துல ஆணி அடிக்கிறானா?" என்று மாமா சிரித்தாரே, அதேதான். செவ்வாய்தோறும் தள்ளுவண்டியில் இருபது ஓவியங்களோடு எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போவேன். வாரக்கணக்கில் மல்லாந்து கிடப்பவர்கள். ஒவ்வொரு படமாக முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவேன். பிடித்ததைச் சொல்வார்கள், எதிர்ச் சுவரில் மாட்டுவேன். உயரம் அளக்க மேற்பார்வையாளர் ஒரு கம்பு கொடுத்திருந்தார். அதிலுள்ள சிவப்புக் கோட்டுக்கு நேரே படத்தின் நடுப்பகுதி வர வேண்டும். ஒரு விரல்கூடத் தப்பக் கூடாது. சட்டைப்பையில் எப்போதும் கோணல் பார்க்கிற ரசமட்டம் வைத்திருப்பார். அவருக்குப் பெயரே ரசமட்டம்தான், முதுகுக்குப் பின்னால்.

பன்னிரண்டாம் அறையில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற அம்மா ஒருவர், முதுகெலும்பில் அடி. சாலை, மலை, கடல் எல்லாம் காட்டினேன். "ரோடு வேணாம் தம்பி, அதைப் பார்த்துத்தான் இருபது வருஷம் போச்சு" என்றார். கடைசியில் எடுத்தது ஒரு மேசை. மேலே பாதி உரித்த ஆரஞ்சு, பின்னால் தள்ளிவிட்ட நாற்காலி. ஆள் இல்லை.

மாட்டின பிறகு மூன்று வாரமும் "படம் எப்படிம்மா?" என்று கேட்டேன். "ஜோரா இருக்கு" என்றார். இந்தச் செவ்வாய், "ஆரஞ்சுத் தோல் ஏன் அவ்வளவு நீளமா தொங்குதுன்னு யோசிச்சீங்களா?" என்று சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் கூரையிலிருந்து கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"தம்பி, உண்மையைச் சொன்னா அழுவியா?"

"எதுக்கும்மா?"

"எனக்குச் சட்டமும் அதுல டியூப்லைட்டும்தான் தெரியுது. நீ தூக்கிக் காட்டினப்போ பார்த்ததுதான் படம். உன் மூஞ்சியைப் பார்த்தா சொல்ல மனசு வரலை."

பக்கத்துக் கட்டில் காலி. ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வெளிச்சக் கோடு, அவ்வளவுதான். அந்தச் சிவப்புக் கோடு நிற்பவர்களின் கண் உயரம். இப்படி முப்பத்தேழு அறையில் மாட்டியிருக்கிறேன்.

வெளியே சொன்னால் வெள்ளிக்கிழமை போச்சு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, வருகிறவர்கள் எல்லாரும் நின்றுதான் பார்க்கிறார்கள். இரண்டையும் மனதில் உருட்டியபடியே அந்த ஒரு படத்தை மட்டும் கழற்றினேன். பின்கயிற்றை நீளமாக விட்டு, கூரைக்குக் கீழே, முன்பக்கம் கவிழ்கிற மாதிரி சாய்த்து மாட்டினேன்.

"வலது பக்கம் கொஞ்சம்... நிறுத்து! வந்துடுச்சு" என்றார். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இப்பத்தான் எழுந்து போயிருக்காங்க. தோல் காயவே இல்லை பாரு. என் பையன் ஞாயித்துக்கிழமைதான் வருவான். மத்த ஆறு நாளும் இந்த நாற்காலிக்கு யாரோ திரும்பி வரப்போறாங்கன்னு படுத்திருப்பேன்."

அந்த நேரம் பார்த்து ரசமட்டம் உள்ளே வந்தார்.

"என்னய்யா இது, வௌவால் மாதிரி தொங்குது?"

நான் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். டிரைவரம்மாதான், "படுத்துப் பாருங்க சார், கட்டில் கடிக்காது" என்றார்.

மேற்பார்வையாளர் பையிலிருந்த ரசமட்டத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, காலிக் கட்டிலில் கால் தொங்கத் தொங்கப் படுத்தார்.

"சமையக்கட்டுக்குப் போயிருக்காங்க. கை கழுவ" என்றார்.

"பாதிப் பழத்துலயா? வாசல்ல யாரோ கூப்பிட்டிருக்காங்க சார்."

"நாற்காலி இடது பக்கமா திரும்பியிருக்கு பாருங்க."

"வாசல் இடது பக்கம் இருக்கக் கூடாதா?"

இரண்டு பேரும் மல்லாந்து படத்தைப் பார்த்தபடி சண்டை போட்டார்கள். அந்தத் தைரியத்தில் வாய் திறந்துவிட்டேன். "சார், மீதி முப்பத்தாறும் இப்படித்தான். யாருக்கும் தெரியாது."

அவர் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "கோடு போட்டது நான். ஆபீஸ் வராந்தாவுக்குப் போட்ட கோடு அது."

வெள்ளிக்கிழமை என் படிவத்தை என் முன்னாலேயே நிரப்பினார். 'வேலையில் திருத்தம் தேவையா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதி, 'தவறான அளவு கொடுத்தவர்' என்று தன் பெயரையும் சேர்த்தார். "பொய் எழுத வராதுப்பா. இன்னும் ரெண்டு மாசம் சோதனைக் காலம். எல்லாத்தையும் மாத்து, அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். அப்புறம் கம்பிலிருந்த சிவப்புக் கோட்டைச் சுரண்டி எடுத்தேன்.

நாளைக்கு எட்டு அறை. ஒரே உயரம் எல்லாருக்கும் சரிப்படாது அக்கா. மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்: தலைக்கு எத்தனை தலையணை வைத்துப் படுப்பீர்கள்?