ஆள் ஒன்றுக்கு

"பஞ்சத்துல கொடுத்த அளவைப் பார்த்துங்களாம்மா பொங்கித் திங்கறீங்க? கல்யாணத்துல அத்தை அத்தனை பேரு முன்னாடியும்—"

"நாஞ் சொல்றதைக் காதுல போட்டுக்க கண்ணு, அந்தப் புஸ்தகத்துல—"

"நாலு ஏக்கர் தென்னந்தோப்ப வச்சுட்டு எதுக்குங்கம்மா இந்தக் கேவலம்?"

கருமத்தம்பட்டி வீட்டுச் சமையலறையில் குழந்தையம்மாளும் மகள் பிரவீனாவும் ஒருவரை ஒருவர் பேசி முடிக்க விடவில்லை. அவிநாசிக்குக் கல்யாணத்துக்கு வந்த மகள், பெங்களூர் திரும்பும் முன் அம்மாவுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தாள். அதில் பாதி சண்டைக்கே போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். கணவர் தவறி இரண்டு வருஷமாகியும் குழந்தையம்மாளுக்குக் கை சுருங்கவில்லை. பொங்கினால் நாலு பேருக்குப் பொங்கிவிடுவார். மிச்சம் பக்கத்து வீட்டு எருமைக்கு. சமையல் புத்தகங்களைப் புரட்டினால் எல்லாமே நால்வருக்கு. காந்திபுரத்துப் பழைய புத்தகக் கடையில், யாரும் சீந்தாமல் கிடந்த, வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கஞ்சித்தொட்டிகளின் சரித்திரத்தில்தான் 'ஆள் ஒன்றுக்கு' என்று முதன்முதலாகப் பார்த்தார். அது ஒரு நாள் அளவு; அதில் பாதியை ஒரு வேளைக்குப் போட்டுப் பொங்கினார். சட்டி காலியானது.

அப்புறம் விட முடியவில்லை. மிளகாய் கப்பலேறி வந்த கதை, உப்புக்கு வரி போட்ட கதை என்று தேடித்தேடி வாங்கினார். அரிசி களைந்துகொண்டே, புத்தகத்தில் வரும் கஞ்சித்தொட்டி அதிகாரியிடம், பிள்ளைத்தாச்சிக்கும் இதே அளவுதானுங்களா துரை என்று கேட்பார். அவன் சொல்லும் சமாதானம் அடுத்த பக்கத்திலேயே இருந்துவிட்டால் சிரிப்பு தாங்காது. சிரித்துவிட்டு யாரிடமாவது சொல்லலாமென்று திரும்பினால் மிக்ஸிதான் நிற்கும்.

நாத்தனாருக்குப் போன் போட்டதும் அதனால்தான். இவர் சொன்னது சரித்திரம். அந்தம்மாள் புரிந்துகொண்டது பட்டினி; அதைத்தான் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னாலும் பிரவீனாவிடம் சொல்லியிருந்தார்.

பிரவீனா சாப்பாட்டுக் கேரியருக்கு ஏற்பாடு செய்துவிடுவதாகச் சொன்னாள். புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடச் சொன்னாள். பிறகு குரல் இறங்கி, "நெசமாச் சொல்லுங்கம்மா, பசியோட இருக்கீங்களா?" என்றாள்.

"வயிறு நெறஞ்சுதான் இருக்குது கண்ணு."

அதுபோதும் என்பதுபோல அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் சேலம் தாண்ட வேண்டுமாம். குழந்தையம்மாள் புத்தகத்துக்குள் விரலை விட்டபடியே பின்னால் ஓடினார். வண்டி கிளம்பிவிட்டிருந்தது, கண்ணாடி பாதி ஏறியிருந்தது.

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுப்போட்டுப் போ கண்ணு, கஞ்சி காச்சறவ அந்தத் தொரையவே மடக்கிப்போடறா."