நகமளவு இன்சுலின்

மலைமேல் இருக்கும் எல் ஆல்ட்டோ நகரத்தில் பொம்மைப் புட்டிகளில் நிஜ இன்சுலின் ஊறிய வருஷத்தில் வெங்காயம் விலை ஏறியிருந்தது, கோழி கண்ணிலேயே படவில்லை. சாலை மறியல்தான் காரணம். சுரங்கக்காரர்கள் மலைப்பாதை முழுக்கப் பாறைகளை உருட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சர்க்கரை நோய்க் குழந்தைகளுக்காகக் கடல் கடந்த புண்ணியவான்கள் யாரோ மாதாமாதம் அனுப்பும் இன்சுலின் பெட்டியும் கீழே எங்கேயோ ஒரு லாரியில் சிக்கிக் கிடந்தது. அந்தப் பெட்டியிலிருந்துதான் தேவாலயத்து நர்ஸ் மரிசோல், பொம்மை செய்து விற்கும் பசிலியாவின் சின்ன மகள் வாராவுக்கு இலவசமாக மருந்து கொடுத்துவந்தாள். கடைசிப் புட்டியும் தீர்ந்தது. வாரா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், பிறகு சுருண்டு படுத்தாள். அவள் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வந்தது. அந்த வாடைக்கு என்ன அர்த்தம் என்று பசிலியாவுக்குத் தெரியும்: மருந்து கிடைக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது.

பசிலியாவின் பிழைப்பு ஜனவரி மாத அலசித்தா சந்தை. அந்த ஊரில் யாருக்கு எது வேண்டுமோ அதை நகமளவு பொம்மையாகச் சந்தையில் எடுத்து, உச்சிப்பொழுதில் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். செழிப்பு சாமி எக்கேகோ, மீசையும் தொப்பையுமாக இருப்பவர், வருஷம் முடிவதற்குள் அதை நிஜமாக்கிக் கொடுப்பார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அப்படிப் பஸ் வாங்கியவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பசிலியா காலம்பூராவும் பிறருக்காக வீடும் அரிசி மூட்டையும் செய்தவள். அந்த வருஷம் பிளாஸ்டர் மாவில் மருந்துப் புட்டிகள் வார்த்து, மூடிக்கு வெள்ளிச் சாயம் பூசிக் கடையில் பரப்பினாள். அதில் அழகான ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு, வாராவை முதுகில் கட்டியபடி உச்சிவேளைக் கூட்டத்தில் போய் நின்றாள்.

"யாரும்மா குடுத்தா இதை?" என்று கேட்டார் புகை போடும் பூசாரி.

"நானே செஞ்சேன் சாமி."

"அடப் பாவமே! நீயே செஞ்சு நீயே எடுத்துக்கிட்டா அது வெறும் பொம்மைதானே? அடுத்தவங்க கையால வரணும்னு உனக்குத் தெரியாதா?"

பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், பதற்றத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. தேவாலயத்தில் உச்சிவேளை மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. மணி நின்றால் வேளை போச்சு. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்டு வாங்கினால் அது தானம் ஆகாது என்று வேறு சொல்வார்கள். என்ன செய்வாள்? நின்ற இடத்திலேயே வாய்விட்டு அழுதாள்.

பக்கத்துக் கடை எவுலோகியா, மூலைக்கடை யாருக்கு என்ற சண்டையில் அவளோடு பேச்சை முறித்துக்கொண்டவள், இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பசிலியாவின் கடைக்குப் போய் ஒரு புட்டியை எடுத்தாள், காசை வீசிவிட்டுக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"செத்தாலும் வாயத் திறந்து கேக்க மாட்ட, அவ்வளவு ரோஷம்! உனக்கொண்ணும் குடுக்கல, புள்ளைக்குக் குடுக்கறேன். புடிடீ கண்ணு."

வாராவின் கையில் வைத்தாள். புகை வந்து மூடியது. மணி ஓய்ந்தபோது பிளாஸ்டர் கண்ணாடியாகியிருந்தது. உள்ளே தெளிவாக மருந்து நின்றது, பனிக்கட்டிபோல் சில்லிட்டது. தேவாலயத்துக்கு ஓடினார்கள். மரிசோல் முகர்ந்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டு ஊசியில் ஏற்றினாள். ஒரு சொட்டுக்கு மேல் கொள்ளாத புட்டி வேண்டிய அளவைக் கொடுத்துவிட்டு நிறைந்தே இருந்தது. சாயங்காலம் வாரா கண் விழித்து, ஊசி போட்ட இடம் வலிக்கிறது என்று சிணுங்கினாள். பசிலியாவுக்கு அதைவிட இனிய சொல் உலகத்தில் இல்லை.

மறுநாள் சந்தையே திரண்டது. பூக்காரி, சூப்புக்காரி, செருப்புத் தைப்பவன் எல்லாரும் ஆளுக்கொரு புட்டி வாங்கி, பெயர் தெரியாத சர்க்கரை நோய்ப் பிள்ளைகளின் கையில் வைத்தார்கள். மணிக்குக்கூட யாரும் காத்திருக்கவில்லை. வைத்ததெல்லாம் மருந்தானது. பின்பு பாறைகள் விலகிப் பெட்டியும் வந்து சேர்ந்தது. கடல் கடந்து வந்ததையும் சந்தையில் வந்ததையும் மரிசோல் ஒரே குளிர்பெட்டியில் வைத்தாள்.

வருஷங்கள் ஓடின. ஒரு ஜனவரியில், வளர்ந்துவிட்ட வாரா ஒரு புட்டியை வாங்கி, சுருண்டு கிடந்த கைக்குழந்தையோடு நின்ற முன்பின் தெரியாத ஒருத்தியிடம் நீட்டினாள். வாங்கியவள் திடுக்கிட்டுக் கையை உதறப் பார்த்தாள்.

"ஐயோ, என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு!"

"அப்படித்தான்க்கா இருக்கும். வெயில்ல வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வாரா சூப்புக் கடையில் இடம் பிடிக்கப் போனாள்.