அரையா, முக்காலா?

"பதிக்கக் கூடாது. கொட்டலாம்" என்றார் குடிநீர் அலுவலகத்து ஆள். எங்கள் வீட்டுக் கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே நின்று, செருப்புக் காலால் மண்ணை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார். அடியில் தெரு முழுவதற்கும் போகிற பெரிய குழாய் ஓடுகிறதாம். சிமென்டோ ஓடோ எதைப் பதித்தாலும், குழாய் கசிகிற அன்றைக்கு வந்து உடைத்துவிடுவார்களாம். அள்ளி எடுக்கக்கூடிய ஜல்லி, மணல் மாதிரி எதையாவது கொட்டிக்கொண்டால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அதை ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். வந்த வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு கிளம்புகிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

நாற்பது அடி நீளம், ஒன்பது அடி அகலம். காரை உள்ளே விடுவதற்காகப் பாதை போடுகிறோம் என்று என் வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கார் பதினோரு வருடமாக அதே சேற்றில்தான் உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. பாதை காருக்கு இல்லை, என் தம்பிக்கு.

தம்பி மூன்று தெரு தள்ளி இருக்கிறான். மிக்சி, ரேடியோ, மின்விசிறி எல்லாம் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறான். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு கட்டடத்தில் ஒயரிங் வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். வீட்டுக்கும் கடைக்கும் தானே உருட்டிக்கொண்டு போய்வருவான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழைநாளில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், கேட்டைத் தாண்டி ஆறாவது அடியில் சேற்றில் மாட்டிக்கொண்டான். நான்கு பேர் சேர்ந்து அவனை நாற்காலியோடு தூக்கினார்கள். நான்கு பேரும் நான்கு திசையில் வழி சொன்னார்கள். "பாத்துப்பா, சுவத்துல இடிச்சிடாதீங்க" என்று என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். எங்கள் வீட்டுக்குள் பீரோ வந்தபோதும் அவர் இதையேதான் சொன்னார்.

அன்றைக்கு உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. போகும்போது மறுபடியும் தூக்கினார்கள். கேட்டுக்கு வெளியே இறக்கியதும் என்னைப் பார்த்து, "யாரும் தூக்காம உள்ள வர வழி பண்ணு, வரேன்" என்றான். அதற்கப்புறம் வரவில்லை.

நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். பிடிவாதக்காரன் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் இப்போது அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. மாதக் கடைசியில் குடிபோகிறான். நாங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் இன்னொரு தரம்கூட வராமலே போய்விடுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையை அளந்தேன்.

அளப்பதுதான் என் பிழைப்பு. பெண்களுக்கான தையல்கடை, இருபத்தாறு வருடமாக. அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். "போன தடவை கொடுத்த அளவேதாங்க" என்று வாயால் சொல்கிறவர்களையும் நிற்கவைத்து அளந்துவிடுவேன். உடம்பு யாருடைய வாய்ப்பேச்சையும் கேட்டு வளர்வதில்லை.

என் வீட்டுக்காரர் நூலகத்தில் வேலை பார்க்கிறார். எதைப் பற்றியும் மணிக்கணக்கில் ஜல்லியடிக்கக் கூடியவர். ஜல்லியைப் பற்றியே ஜல்லியடித்ததை அந்த வாரம்தான் கேட்டேன். மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் ஊரெல்லாம் சுற்றி ஏழு வகைக் கல்லைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, நான் பொத்தான் போட்டுவைக்கிற தட்டில் அறை அறையாகப் பரப்பினார். என் பொத்தான்களை எங்கே கொட்டினார் என்பது தனிக் கதை. கடைசி அறையில் வெள்ளை வெளேரென்று கூழாங்கல். அவருக்கு அதன்மேல்தான் கண். கண்ணுக்கு லட்சணமாக இருக்கும், மழை பெய்தால் பளபளக்கும், பெரிய பெரிய பங்களாக்களில் எல்லாம் இதுதான் என்றார்.

கடையில் நான் உட்கார்ந்து தைக்கிற சுழல் நாற்காலியைக் கொண்டுவந்தேன். கூழாங்கல்லைத் தரையில் பரப்பச் சொன்னேன். நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தள்ளினேன். கல்லெல்லாம் நாலாபக்கமும் ஓடியது. நாற்காலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கல் உருண்டையாக இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது, உடைத்த கல்லாக இருந்தால் முனைக்கு முனை கவ்விக்கொண்டு கிடக்கும் என்று அவரே நாற்காலியில் உட்கார்ந்தபடி விளக்கினார். படித்தவர்தான். ஆனால் முகம் வாடிவிட்டது.

ஆக, கருங்கல் ஜல்லி என்று முடிவானது. கல் உடைக்கிற கிரஷர்காரருக்கு நானே போன் செய்தேன். அளவுகளை எல்லாம் ஒப்பித்தேன். இரண்டு லோடு அனுப்புவதாகச் சொன்னார். பின்னால் இயந்திரம் இரைகிற சத்தத்தில் அவர் கடைசியாகக் கேட்டது இது:

"அரையா, முக்காலா?"

இந்தக் கேள்வியை நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்கிறேன். அரைக்கையா, முக்கால்கையா? யோசித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் முக்காலே போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். அரை என்றால் அப்புறம் நீட்ட முடியாது, முக்கால் என்றால் எப்போது வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். அவர் கேட்டது எனக்கு எதுவாகக் காதில் விழுந்தது என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. இரண்டாவது லோடு அரை லோடா முக்கால் லோடா என்று கேட்கிறார் என நினைத்திருக்கலாம். நினைக்கவே இல்லாமலும் இருக்கலாம். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"முக்காலே போடுங்க. பத்தாம போயிடக் கூடாது" என்றேன்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. கொட்டியது. போனது. என் வீட்டுக்காரரும் இரண்டு ஆட்களும் மாலைவரை பரப்பினார்கள். நான் கடையிலிருந்து வந்து பார்த்தபோது நாற்பது அடிக்கும் ஒரே சீராக, முக்கால் இன்ச் ஜல்லி. ஒவ்வொன்றும் கோட்டுப் பொத்தான் அகலம். நான் செருப்போடு ஏறி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கால் கணுக்கால்வரை உள்ளே போய் வெளியே வந்தது. சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தேன். தள்ளுவதற்கு முன்பே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

கிரஷர்காரருக்குப் போன் செய்தேன். நான் கேட்டது கல்லின் அளவு, முக்கால் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். நான் கையைச் சொன்னேன் என்றேன்.

"எந்தக் கை, மேடம்?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் கூழாங்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவர் பேசவில்லை. அதற்காக அவருக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

நேராகத் தம்பி கடைக்குப் போனேன். ஒரு மிக்சியைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தான். பாதை போடுவதைப் பற்றி அதுவரை அவனிடம் மூச்சுவிடவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இப்போது எல்லாவற்றையும் கொட்டினேன். குழாய், கூழாங்கல், லாரி, கை. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

யாரைக் கேட்டுக்கொண்டு கல் எடுத்தாய் என்று கேட்டான். குடிநீர் அலுவலகத்து ஆளை, உன் மாமாவை, கிரஷர்காரரை என்று விரல் மடக்கிச் சொன்னேன்.

"அதுமேல வண்டி ஓட்டப்போறது யாரு?" என்றான்.

எனக்கு அவமானமாக இருந்தது. முன்பின் தெரியாத பெண்களை எல்லாம் கையைத் தூக்கு, திரும்பு, மூச்சை விடு என்று அளந்து தள்ளுகிறவள், சொந்தத் தம்பிக்கு ஆளைப் பார்க்காமலே துணியை வெட்டியிருக்கிறேன்.

அவன் மிக்சியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டே சொன்னான். முக்கால் ஜல்லியை அள்ள வேண்டாம், அது அடியில் கிடப்பது நல்லதுதான், தண்ணீர் நிற்காது. அதன்மேல் கால் இன்ச் சிப்ஸ் என்கிற பொடி ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து நாலு விரல் கனத்துக்குக் கொட்ட வேண்டும். தூள்தான் முக்கியம், அது இல்லையென்றால் எந்தக் கல்லும் கெட்டிப்படாது. தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். காய்ந்ததும் மறுபடி தெளித்து மறுபடி ஓட்ட வேண்டும். வங்கிக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறார்களாம். மருத்துவமனைக்குப் போகிற பாதையில் தூள் போடாமல் விட்டதால் நடுவில் ஒரு பள்ளமாம். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சரிவு இடதுபக்கம் இழுக்குமாம்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"நாலு வருஷமா தரையத்தானேக்கா பாத்துட்டிருக்கேன்" என்றான்.

கழுத்தில் இன்ச் டேப் கிடந்தது. குனிந்து முன்சக்கரத்தின் அகலம், உயரம், இரண்டு பின்சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு என்று எல்லாம் அளந்தேன். எனக்கு இனிமேல் அந்த அளவு எதற்கும் தேவைப்படாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவன் வாடிக்கையாளர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் சிரித்தான்.

இந்தத் தடவை கிரஷர்காரரிடம் போனில் பேசவில்லை. நேரில் போனேன். மலை மலையாகக் குவித்திருந்தார்கள். சட்டைக் காலர் பொத்தானைப் பையிலிருந்து எடுத்து, சிப்ஸ் குவியலில் ஒரு கல்லின் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இது" என்றேன். அவர் பொத்தானை வாங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் லீவு போட்டார். கை ரோலரை வாடகைக்கு எடுத்துவந்து மூன்று நாள் முன்னும் பின்னும் இழுத்தார். நான் பூவாளியோடு பின்னாலேயே நடந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சுழல் நாற்காலியை வைத்து ஒரு விரலால் தள்ளினேன். பாதை திரும்புகிற இடம்வரை போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். யாரும் கேட்டுப் பக்கம் வரக் கூடாது, கூப்பிடாமல் யாரும் தொடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தான். என் வீட்டுக்காரரை அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தினேன். நான் வாசலில் நின்றேன். கை சும்மா இருக்காது என்று தெரிந்து பின்னால் கட்டிக்கொண்டேன்.

கேட்டைத் தானே திறந்தான். உள்ளே வந்து, திரும்பி, தானே சாத்தினான். அவசரமே இல்லை. தரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உருட்ட ஆரம்பித்தான். சக்கரம் தூளைக் கடிக்கிற சத்தம் மெதுவாகக் கேட்டுக்கொண்டே வந்தது. பாதி தூரம் தாண்டியதும் நாற்காலி வெடுக்கென்று நின்றது. பாதை திரும்புகிற இடத்தில், ஓரமாக, வெள்ளையாக ஒரு கோடு. மனுஷன் ராத்திரியோடு ராத்திரியாகக் கூழாங்கல்லால் அழகுக்குக் கரை கட்டியிருக்கிறார். முன்சக்கரம் அதில் இறங்கிவிட்டது. நான் அடுப்படி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் யாரும் இல்லை.

ஓடிப்போய்த் தள்ளிவிடலாம். பதினைந்து அடிதான். கால் எழுந்துவிட்டது, நான்தான் பிடித்து வைத்தேன். தம்பி பின்னால் இழுத்தான், வரவில்லை. உடம்பை ஒருபக்கம் சாய்த்து மறுபடி இழுத்தான். நெற்றியில் வேர்வை தெரிந்தது. மூன்றாவது இழுப்பில் வெளியே வந்தது. கோட்டைவிட்டு விலகி, நடுப்பாதையில் நேராக வந்து, என் முன்னால் நிறுத்தினான். நாற்பது அடியும் தானே.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தோம். எனக்கும் அவனுக்கும் நடுவில் வாசற்படி. நாலு விரல் உயரம். பிறந்ததிலிருந்து தாண்டிக்கொண்டிருக்கிற படி. கேட்டிலிருந்து வாசல்வரை அங்குலம் அங்குலமாக அளந்தவள் இதை அளக்கவே இல்லை.

"உனக்கு ஞாபகம் இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சு. சொன்னா இதையும் இடிச்சிருப்ப."

மாமாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நாற்காலியைத் திருப்பி முதுகை எனக்குக் காட்டி, பின்னால் நகர்ந்து படியை ஒட்டி நிறுத்தி, சறுக்காமல் இருக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"நீ தூக்குக்கா" என்றான்.

கைப்பிடியைப் பிடித்து என் பக்கமாகச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். அவனும் சக்கரத்தைச் சேர்த்துத் தள்ளினான். கனமாக இருந்தான். ஏறிவிட்டது. கூடத்துக்குள் வந்த பிறகும் நான் கைப்பிடியை விடவில்லை. அவனும் விடச் சொல்லவில்லை.