கட்டிக்கொண்டு போக முடியாத சாப்பாடு

அக்கா ஆறரைக்கு வருவாள். ஏழரைக்கு நான் கிடங்குக்குக் கிளம்ப வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். அந்த ராத்திரி வேலையை விட்டு நாலு நாளாகிறது. அவளுக்குத் தெரியாது. வேலையை வாங்கித் தந்ததே அவள்தான். அவளுடைய சலவைக்கடைக்குச் சட்டைகளை வெளுக்கப் போடும் கிடங்கு மேலாளரிடம் இரண்டு மாதம் எனக்காகப் பேசியிருக்கிறாள்.

கை சும்மா இருக்கவில்லை. ஐந்து மணிக்கே தக்காளியைக் கொதிநீரில் முக்கித் தோலுரித்தேன். நறுக்கியதையே மறுபடி நறுக்கினேன். முதலில் போட்ட பூண்டு கருகியது. கொட்டிவிட்டு வேறு உரித்தேன். தக்காளி குழைந்ததும் அடுப்பை அணைத்து, ஜன்னலோரத் தொட்டியில் இருந்த பேசில் என்ற இத்தாலியத் துளசியை மொட்டையடித்து, இலைகளைக் கிள்ளிப் போட்டேன். ஸ்பகெட்டியை மட்டும் அவள் வந்தபின் வேகவைக்க வேண்டும். உடனே தின்னாவிட்டால் கட்டியாகிவிடும். அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். டப்பாவில் கட்டிக்கொண்டு ஓட முடியாது. உட்கார்ந்தால் சொல்லிவிடலாம்.

ஏழு மணிக்குத்தான் வந்தாள்.

"என்னடா தடபுடல்? யாரையாவது கூட்டிட்டு வந்து நிறுத்தப் போறியா?"

"பசிச்சுது."

"உனக்குப் பசிச்சா பிஸ்கட் பாக்கெட்தானே காலியாகும்."

ஸ்பகெட்டியை வேகவைத்து, இரண்டு தட்டில் போட்டு வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பினால் என் தட்டு காலி. என் பங்கு முழுவதையும் டப்பாவில் போட்டு, கரண்டியால் அமுக்கி மூடிக்கொண்டிருந்தாள். ராத்திரி வேலைக்குக் கட்டிக் கொடுத்த ஒன்றரை வருஷப் பழக்கம்.

"இந்தா, கிளம்பு. நேரமாச்சு."

வாங்கிக்கொண்டு செருப்புவரை போனேன். நாலு நாளும் இப்படித்தான் போனேன். இன்று திரும்பி வந்து, சாப்பிடத் தொடங்கியிருந்த அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"போகலைக்கா. வேலையை விட்டுட்டேன். நாலு நாளாச்சு."

வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"அப்போ நான் கட்டிக் குடுத்ததை எங்க வச்சுத் தின்னே?"

"பஸ் நிலையத்துல."

"ராத்திரி பூரா அங்கேயா? அதுக்கு வேலைக்கே போயிருக்கலாமேடா. அங்கயாவது ஃபேன் ஓடும்."

அவள் சிரிக்கவில்லை.

"பகல்ல தூக்கம் வரலைக்கா. கண்ணை மூடினா அட்டைப்பெட்டியா அடுக்கிட்டு இருக்கேன்."

"என்கிட்ட சொல்ல என்ன கேடு?"

"நீதானே வாங்கிக் குடுத்தே."

"நாளைக்கு அந்த மேலாளர் வெளுத்த சட்டையை வாங்க வருவாரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

மேசைக்கடியில் என் கால் ஆடத் தொடங்கியது.

"காலை ஆட்டாதே. மேசையே ஆடுது."

நிறுத்தினேன். டப்பாவைத் திறந்து தட்டில் கவிழ்த்தேன். நாலு மூலையோடு அப்படியே ஒரே கட்டியாக விழுந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காலையில நீயும் கடைக்கு வா. சட்டையை நீயே எடுத்துக் குடு. வேலையை ஏன் விட்டேன்னும் நீயே அவருகிட்ட சொல்லு. ஒன்பது மணிக்குள்ள எழுந்திருப்பியா?"

"தூங்கினாத்தானே எழுந்திருக்கணும்."

ஒரு மூலையை உடைத்து வாயில் போட்டேன். உப்பே இல்லை. தண்ணீரிலும் போடவில்லை, தக்காளியிலும் போடவில்லை. அப்படியும் அவள் தட்டு முக்கால்வாசி காலியாகியிருந்தது.

உப்பு ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினேன். கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.