பாதையின் குறுக்கே ஒரு கிளை

"அப்பா எங்கே?" என்று துசேகிலே கேட்டபோது வழிகாட்டி எதினா கூடாரத்துக்குக் கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்தாள். துசேகிலே சாதாரணமாகத்தான் கேட்டாள். எதினாதான் சட்டென்று ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஓடையில கால் கழுவிட்டு மெதுவா வர்றேன்னாரு. வந்துடுவாரு" என்றாள்.

சொல்லும்போதே அது பொய்யாகப் பட்டது. ஓடையிலிருந்து கூடாரம் போட்ட இடத்துக்குக் கூப்பிடு தூரம்தான். முளை அடித்தாகிவிட்டது, தேநீரும் கொதித்து இறங்கிவிட்டது. மலையிலிருந்து மேகம் இறங்கி, எதிரில் நின்ற மரங்களைக்கூட ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. கிழவரைக் காணோம்.

யானைகள் திரியும் உட்சுங்க்வா மலைக்காட்டில் நடக்க வருபவரைத் தனியே விடக்கூடாது. வழிகாட்டி வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லித் தருகிற விதி அது. எதினா விட்டுவிட்டாள். துசேகிலேவுக்குக் கால் சுளுக்கியிருந்ததால், காவலன் மலோகோ ஒரு தோளில் துப்பாக்கியும் மறு தோளில் அவள் கையுமாக முன்னால் போய்விட்டான். மழைக்கு முன்னால் கூடாரம் போட்டாக வேண்டும். "நீ போம்மா, பொண்ணப் பாரு. வழி ஒன்னுதானே" என்று கிழவரும் சொன்னார். வழி ஒன்றல்ல. ஓடை தாண்டியதும் யானைப் பாதை ஒன்று பிரிகிறது. அதுதான் அகலமாக, மனிதர் நடக்கும் வழியைவிட நன்றாக இருக்கும். அதனால் எதினா இலையோடு ஒரு கிளையை முறித்து அதன் குறுக்கே போட்டுவிட்டு வந்திருந்தாள். இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். வழிகாட்டிகள் எல்லோரும் செய்வதுதான்.

"நீ இங்கேயே இரு. இந்தப் பானையை விடாம தட்டிக்கிட்டே இரு. சத்தம் கேட்டு அவரே வந்தாலும் வருவாரு" என்று துசேகிலேயிடம் ஒரு கரண்டியைக் கொடுத்தாள்.

"அப்பாவுக்கு ஒன்னும் ஆகாதுல்ல அக்கா? ரிட்டயர் ஆனதுக்குப் பரிசா நான்தான் கூட்டிட்டு வந்தேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

எதினா ஓடைப் பக்கம் நடந்தாள். மலோகோ முன்னால் போனான். அவன் கோகோ இனத்தவன், இவள் ஹெஹே. அந்த இரண்டு இனத்துக்கும் ஒருவரை ஒருவர் கேலி செய்யப் பிறப்பிலேயே உரிமை உண்டு. சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள். காலையிலிருந்து அவன், "நாய்க்கறி தின்னுற கூட்டம், பார்த்து நட" என்பதும், இவள், "மழையையே பார்க்காத பஞ்சப் பரதேசி, நீ பேசாதே" என்பதுமாக வந்தார்கள். இப்போது அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பிரிவில் கிளை போட்டபடியே கிடந்தது. ஓர் இலைகூட நசுங்கவில்லை. "இந்தப் பக்கம் போகல" என்றான் மலோகோ. அவளுக்கும் அப்படித்தான் பட்டது. குறுக்கே கிளை கிடக்கும்போது யார் தாண்டுவார்கள்?

அப்படியானால் ஓடை. ஓடை கொஞ்ச தூரம் போய் அருவியாகக் கீழே விழுகிறது. பாசி படிந்த பாறைகளைப் பிடித்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். "பெரியவரே! முவாய்போபோ அய்யா!" என்று எதினா கத்தினாள். மேலே செங்குரங்குகள் பதில்போலக் கத்திவிட்டு ஓய்ந்தன. அருவி விளிம்பில் மலோகோ அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவள் எட்டிப் பார்த்தாள். கீழே வெறும் வெள்ளை. ஒருவர் விழுந்து கிடந்தாலும் தெரியாது. இந்தக் கையாலேயே ஒருவரைக் கொன்றுவிட்டேனா என்று நினைத்தாள்.

ஏறி வரும்போது யானைப் பாதைப் பக்கம் ஏதோ படாரென்று முறிந்தது. மலோகோ துப்பாக்கியைக் கையில் எடுத்தான்.

"ஒரு தடவை அங்கேயும் பார்த்துடுவோம்" என்றாள் எதினா.

"கிளை கிடக்குதே. அதைத் தாண்டி எதுக்குப் போறாரு? பச்சப்புள்ளைக்கே தெரியும்."

"பரவாயில்ல, வா."

கிளையைத் தாண்டிப் பத்தடி போயிருப்பார்கள். பாதையின் குறுக்கே இன்னொரு கிளை கிடந்தது. எதினா குனிந்து பார்த்தாள். யானை ஒடித்துப் போட்டதானால் பட்டை உரிந்து நார்நாராகத் தொங்கும். இதைக் கையால் முறித்துக் காலால் மிதித்து ஒடித்திருக்கிறார்கள். இலை வாடவில்லை.

"ரெண்டாவது கிளை நீ போட்டியா?" என்றான் மலோகோ.

"இல்ல. நான் எதுக்குப் போடுறேன்?" என்றவள் அப்படியே நின்றாள். மதியம் உகாலிக் களியும் அவரைக்கொட்டையும் தின்னும்போது கிழவர் பேசியது நினைவுக்கு வந்தது. ஆயுளெல்லாம் இரிங்கா சாலையில் லாரி ஓட்டியவர். கிடோங்கா ஏற்றத்தில் வண்டி படுத்துக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தார். வண்டி நின்றால் பின்னால் கிளைகளை வரிசையாகப் போட வேண்டும். அதைப் பார்த்தும் நிறுத்திக் கேட்காமல் போகிறவன் டிரைவரே இல்லை என்றார்.

"ஐயோ, நான்தான் அவரைக் கூப்பிட்டிருக்கேன்" என்றாள் எதினா. "நான் போட்ட கிளையைப் பார்த்துட்டு, யாரோ மாட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு போயிருக்காரு."

இருவரும் ஓடினார்கள். மூன்றாவது கிளை. நான்காவது அதற்கும் நெருக்கமாக. நடுவில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. இடப்பக்கம் மூங்கில் புதருக்குள் பெரிய உடல் ஒன்று உரசி நகர்ந்தது. மலோகோ அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினான். இருவரும் மூச்சு விடவில்லை. சத்தம் மெல்ல மெல்லப் பள்ளத்தில் இறங்கிப் போனது.

அதற்கு அப்பால்தான் கிழவர் உட்கார்ந்திருந்தார். யானை மிதித்த சேற்றுக் குழியில் ஒரு கால் தொடைவரை புதைந்திருந்தது. கைக்கெட்டிய புதரிலிருந்து இன்னொரு கிளையை முறித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியாம்மா? உனக்கு ஒன்னும் ஆகலியே?" என்றார்.

எதினா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளையைப் பார்த்தேன். யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு வந்தேன். உன்னைத் தேடி ரொம்ப தூரம் போயிட்டேன். திரும்பி வர்றப்போ என் வண்டியே படுத்துக்கிச்சு. நல்லவேளை, போறப்பவே பின்னாடி வர்றவங்களுக்காக வழியில கிளைங்களைப் போட்டிருந்தேன். யானை பக்கத்துலயே நின்னுச்சு, அதான் கத்தல" என்று சிரித்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவள் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். மலோகோ கிழவரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபடி சொன்னான்: "ஏன் பெரியவரே, ஹெஹேக்காரி போட்ட கிளையை நம்பலாமா? அவங்க ஊர் நாய்கூட அவங்களை நம்பாது." அந்தக் குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு உயிர் வந்தது.

மலோகோ கிழவரை முதுகில் சுமந்தான். "கிளைங்களை எடுத்துடும்மா" என்றார் அவர். "வண்டி கிளம்பின பிறகும் கிளையை விட்டுட்டுப் போறது பாவம். பின்னாடி வர்றவன் வீணா தவிப்பான்." எதினா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புதருக்குள் எறிந்துகொண்டே வந்தாள்.

பிரிவில் அவள் போட்ட கிளை கிடந்தது. அதையும் எடுத்தாள். இனிமேல் இந்த இடத்தில் கடைசி ஆள் வரும்வரை அவளேதான் நிற்பாள், மழையாவது, கூடாரமாவது.

மேகத்துக்குள்ளிருந்து பானைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கை ஓய்ந்துபோனவள் தட்டுகிற சத்தம். "அது என்ன?" என்று கிழவர் கேட்டார்.

"உங்க பொண்ணு" என்றாள் எதினா.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் மலோகோவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எதினா இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, தொண்டை கிழியக் கத்தினாள்: "துசேகிலே! அப்பா வர்றாரு!"

பானைச் சத்தம் நின்றது.