பட்டாபி கேட்காத சாக்ஸபோன்

பட்டாபிராமனுக்கு எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. தில்லி சரோஜினி நகரில் அவர் குடியிருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முன்னறையில் இருநூற்றுச் சொச்சம் ஜாஸ் இசைத்தட்டுகள் இருந்தன. இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பார். விற்கிற சரக்கை எல்லாம் கம்பெனிக்காரன் முதல் பக்கத்தில் போட்டுவிடுவான், வாசித்தவனுக்குப் பிடித்தது பின்னால்தான் இருக்கும். இந்தி சினிமாவில் சாக்ஸபோன் கேட்டால் கதாநாயகிக்கு ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று அர்த்தம், ஒரு நல்ல வாத்தியத்தை இப்படிக் கள்ளக்கடத்தல்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டார்களே என்பார். சிற்றலை வானொலியில் வருகிற இரைச்சலைக்கூட அவர் குறை சொன்னதில்லை. அது டிரம்ஸ்காரனை அடக்கி வாசிக்க வைக்கிறதாம்.

அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர் வேலை. அது போக, கரோல்பாகில் வெங்கடராமன் நடத்திய சிறிய ஆங்கிலப் பத்திரிகையில் மாதம் ஒரு பக்கம் எழுதிவந்தார். ரெகார்ட், சினிமா, ரேடியோ, எது கண்ணிலும் காதிலும் பட்டதோ அது. பெயர் போடமாட்டார், இரண்டு எழுத்து மட்டும். கன்னாட் பிளேஸ் வட்டாரத்தில் அதைப் படிக்கிறவர்கள் ஒரு முந்நூறு பேராவது இருந்தார்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரலில் அவர் மனைவி ஜலஜா, தன் அக்கா பெண்ணின் கல்யாணத்துக்கென்று திருச்சிக்குப் போனாள். கல்யாணம் முடிந்தும் வரவில்லை. ஜூலையில் இன்லண்ட் லெட்டர் வந்தது. ‘இங்கே எல்லாரும் சௌக்கியம். அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறேன். இனிமேல் தில்லிக்கு வருவதாக இல்லை. உங்கள் பேரில் கோபம் ஒன்றும் கிடையாது. அங்கே எனக்குப் பேசுவதற்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது. உங்கள் கம்பளிச் சட்டைகள் பெரிய பெட்டியில் அடியில் இருக்கின்றன. அக்டோபரில் எடுத்து வெயிலில் போடவும்.’

பட்டாபி மூன்று தடவை படித்தார். பத்தொன்பது வருஷக் குடித்தனம். அழுகை வரும் என்று சற்று நேரம் காத்திருந்தார். கோபமாவது வரும் என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சமையலறையில் பால் பொங்கி வழிந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்தார். மறுநாள் ஆபீசிலிருந்து திரும்பும்போது தபாலாபீசில் நின்றபடியே பதில் எழுதினார். ‘உன் கடிதம் கிடைத்தது. சரி.’

அதற்கப்புறம் எல்லாம் முன்போலவே நடந்தது. ஏழு மணிக்கு எழுந்தார். ஞாயிறுகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் ரசப்பொடியும் அப்பளமும் வாங்கிவந்தார். ஏசியாட் விளையாட்டுப் போட்டிக்காக ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் சுற்றிச் சுற்றிப் போயிற்று, அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பள்ளங்களைப் பார்த்துக்கொண்டு போனார். சாயங்காலம் ரெகார்ட் போட்டார். முள் நடுவட்டத்துக்குப் போய்க் கரகரவென்று சுற்றிக்கொண்டிருப்பது வெகுநேரம் கழித்துத்தான் காதில் விழும். ஜலஜா எப்போது வருகிறாள் என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். வருவாள் என்றார்.

பத்திரிகைக்கு எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. கை தானாக எழுதியது. வெங்கடராமனுக்கு ஒரே சந்தோஷம்.

“முன்னெல்லாம் வளவளன்னு போகும், பட்டாபி. இப்போதான் உங்க எழுத்துக்கு ஒரு கூர் வந்திருக்கு. நாலு வரியில ஆளைச் சாய்ச்சுடறேள்.”

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெங்கடராமன் சொல்லி அனுப்பியதால், பட்டாபி கன்னாட் பிளேஸில் ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போனார். அங்கே ஞாயிறுதோறும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை ஜாஸ் வாசிப்பார்கள். அவர் தூண் ஓரமாக உட்கார்ந்து காப்பி சொன்னார். காப்பி வந்து ஆறி ஏடு படிந்தது. மேடையில் நாலு பேர் இருந்தார்கள். கறுப்பாக, நெட்டையாக, நடுவயதில் ஒருவர் சாக்ஸபோன் வாசித்தார். கைதட்டல் கேட்டபோது பட்டாபியும் கைதட்டினார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என்ன வாசித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தார். எதுவும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினார். ‘சாக்ஸபோன்காரர் ராணுவ பாண்டில் இருந்தவராம். தெரிகிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பாலிஷ் போட்டு வரிசையில் நிறுத்திவிடுகிறார். அணிவகுப்பு பிரமாதம். உள்ளேதான் ஆள் இல்லை.’

செப்டம்பர் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அந்த நெட்டை மனிதர் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் நாலாக மடித்த பத்திரிகைத் தாள்.

“வணக்கம் சார். எம் பேரு வடிவேல். வேலூர் பக்கம். ரெஸ்டாரண்டுல சாக்ஸபோன் வாசிக்கிறேன். பிரஸ்ல கேட்டேன், அட்ரஸ் குடுத்தாங்க.”

பட்டாபிக்குப் பயம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. “உள்ளே வாங்கோ,” என்றார்.

வடிவேல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தாளைப் பிரித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம்தான் வரும். பொண்ணு வள்ளிதான் படிச்சுச் சொல்லிச்சு. நீங்க நல்லாக் கேக்கறவரு, நிறைய ரெகார்டு வெச்சிருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் நேர்லயே கேட்டுப் போகலாம்னு வந்தேன். எந்தப் பாட்டு சார்?”

“என்னது?”

“உள்ள ஆளு இல்லேன்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு ஒம்பது உருப்படி வாசிச்சேன். ரெண்டாவதா வாசிச்சது எனக்கே சரியாப் படலை, வாயில வைக்கிற ரீடு ரொம்ப ஊறிப்போச்சு. அதுவா? இல்லை, மெதுவா ஒண்ணு வாசிச்சேனே, அதுவா? எதுன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்.”

பட்டாபி வாயைத் திறந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவது அவருக்குச் சிரமமில்லை. இருபது வருஷமாகச் சொல்லிவருகிறார். வடிவேல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே பட்டாபி சொன்னார்.

“எனக்குத் தெரியாது. அன்னிக்கு நான் எதையும் கேட்கலை.”

“நீங்க வந்திருந்தீங்களே சார். தூண் கிட்ட.”

“வந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன். காதில விழலை.”

வடிவேல் பேனாவை மூடினார். வெளியே காய்கறி வண்டிக்காரன் இந்தியில் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் அடுத்த வரிசைக்குப் போய்த் தேய்ந்தது.

“மேனேஜரு இதைக் கத்திரிச்சு வெச்சிருக்காரு,” என்றார் வடிவேல். குரல் உயரவில்லை. “இந்த மாசக் கடைசியோட எங்களை நிறுத்தறாங்க. உங்களாலன்னு சொல்ல மாட்டேன். டிஸ்கோ போடணும்னு ரொம்ப நாளாவே சொல்லிட்டிருந்தாங்க. ஆனா எங்ககிட்டச் சொல்றப்ப இந்தத் தாளைத்தான் காட்டினாங்க.”

“நான் செய்தது தப்பு,” என்றார் பட்டாபி. தப்பு என்று தெரிந்தது. ஆனால் தப்பு செய்தவனுக்கு உறுத்தவேண்டிய இடத்தில் உறுத்தவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது. “என் ஆம்படையா ஊருக்குப் போனா. திரும்பி வரமாட்டாளாம். அதுக்கப்புறம் எனக்கு எதுவும் காதில விழறதில்லை. இது சமாதானம் இல்லை. நடந்ததைச் சொல்றேன்.”

இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. வடிவேல், “சாப்பாடெல்லாம்?” என்று கேட்டார்.

“நானே பண்ணிக்கறேன்.”

வடிவேல் தலையாட்டினார். அவர் பார்வை சுவரோரம் அடுக்கியிருந்த இசைத்தட்டுகள்மேல் போயிற்று. “ஒண்ணு போடறீங்களா சார்? எங்கிட்ட மிஷின் கிடையாது. எல்லாம் ரேடியோல கேட்டுப் பழகினதுதான். ஆபீசர்ஸ் மெஸ்ல எப்பவாச்சும் போடுவாங்க, வெளிய நின்னு கேப்போம்.”

பட்டாபி கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துப் போட்டார். அமெரிக்கர் ஒருவருடைய சாக்ஸபோன். வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் இருக்கிறார். வடிவேல் கண்ணை மூடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, விரல்களைத் தொடைமேல் லேசாக அசைத்தபடி கேட்டார். பாட்டு முடிந்ததும் சொன்னார்.

“வயசானவரு. மூச்சு பத்தலை அவருக்கு. ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் முன்னாடியே முடிச்சுடறாரு பாருங்க. அதையே அழகு பண்ணிட்டாரு.”

பட்டாபி மறுபடி போட்டார். வரி முடிகிற இடங்களைக் கவனித்தார். ஆமாம், மூச்சு இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது, மெல்லிசாக. பதினோரு வருஷமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அந்த மாசக் கடைசி ஞாயிறு பட்டாபி ரெஸ்டாரண்டுக்குப் போய் மேடைக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வரி எழுதினார். சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் அவருக்குள் ஏற்படவில்லை. ஆனால் நாலாவது உருப்படியில் வடிவேல் ஒரு ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கப்போய், பிடிக்காமல் விட்டு, கீழேயே சற்று நின்றது காதில் விழுந்தது. ஏழாவதில் பியானோக்காரர் தப்பு செய்ததும் அதை வடிவேல் மூடி மறைத்ததும்கூட. கடைசி உருப்படி முடிந்தபோது எதிர் மேஜைக்காரர்கள் பில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் எல்லாவற்றையும் எழுதி டைப் அடித்து வெங்கடராமனிடம் கொண்டுபோனார். முதல் வரி, ‘ஆகஸ்டில் இவரைப் பற்றி நான் எழுதியது பொய். நான் அன்று கேட்கவே இல்லை.’

வெங்கடராமன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “மத்ததெல்லாம் போட்டுடலாம். இந்த முதல் வரி எதுக்கு? படிக்கறவாளுக்கு நம்ம பேரில நம்பிக்கை போயிடும்.”

“போனாப் போகட்டும்.”

“அதை எடுத்துட்டாத்தான் போடுவேன், பட்டாபி.”

பட்டாபி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சண்டை போடவில்லை. அதற்கப்புறம் அந்தப் பத்திரிகைக்கு எழுதவும் இல்லை. தாளின் அடியில் முழுப்பெயரைக் கையெழுத்திட்டு ரெஸ்டாரண்ட் மேனேஜருக்குத் தபாலில் அனுப்பினார், பதில் வரவில்லை. அக்டோபரிலிருந்து அங்கே கிதாரும் கலர் விளக்குமாக வேறு கோஷ்டி வந்துவிட்டது.

வடிவேல் இரண்டு மாசம் சும்மா இருந்தார். குளிர் ஆரம்பித்ததும் கல்யாண ஊர்வலங்களில் வாசித்தார், கிளாரினெட். ஜனவரியில் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாண்டு மாஸ்டராகச் சேர்ந்தார். ஜாஸ் வாசிக்க அவருக்கு இடம் எதுவும் அப்புறம் கிடைக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு சரோஜினி நகருக்கு வருவார். பட்டாபி காப்பி போடுவார். ரெகார்ட் கேட்பார்கள். பெரும்பாலும் வடிவேல்தான் ஏதாவது சொல்வார். ஜலஜாவைப் பற்றி ஒரு தடவை கேட்டார். பொங்கலுக்குக் கார்டு போட்டிருந்தாள் என்றார் பட்டாபி, அவ்வளவுதான்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பட்டாபி புதிதாக வாங்கிய தட்டு ஒன்றைப் போட்டார். இந்தத் தடவை முதல் பக்கத்திலேயே ஆரம்பித்தார். அது முடிந்தது.

“எப்படி சார் இருக்கு?” என்றார் வடிவேல்.

பட்டாபி யோசித்தார். சொல்வதற்கு ஏதாவது வருகிறதா என்று பார்த்தார்.

“இன்னும் தெரியலை,” என்றார். “இன்னொரு தரம் போடட்டுமா?”

“போடுங்க.”