சாந்தம்மா கொடுத்த சீம்பால்

இளம்பரிதிக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. வண்டி பாகங்களுக்கு முலாம் பூசும் கம்பெனி. பட்டறையில் கழுவிவிடும் தண்ணீரை நாணல் பாத்தியில் பாய்ச்சிச் சுத்தம் செய்வது அவன் பொறுப்பு. யார் பார்க்க வந்தாலும் அளந்துவிடுவான். மருந்து வேண்டாம், மிஷின் வேண்டாம், செடியே தண்ணீரைச் சுத்தமாக்கிவிடும் என்பான். பாத்தி ஓரம் பெருக்கும் சாந்தம்மாவிடமும் அதையே சொல்லியிருந்தான்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் சுப்ரியா ஏலக்காய் மணக்கும் கிண்ணத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். சாந்தம்மாவின் மாடு கன்று போட்டதாம். தெருவுக்கே சீம்பால் கொடுத்தாளாம். மனைவி மோகனப்ரியா வெல்லம் போட்டு அவித்திருந்தாள்.

காலையில் பாத்தியின் ஒரு பக்கம் மொட்டையாகக் கிடந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆட்கள் வந்து அறுத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தான். அறுத்த நாணல் மூட்டை கட்டி விஷக்கழிவு லாரியில்தான் போக வேண்டும். தண்ணீரில் இருக்கும் குரோமியம் அதில்தானே தங்குகிறது. சாந்தம்மா அதை அறுத்து மாட்டுக்குப் போட்டிருப்பாளோ?

வயிறு வலிக்கிறதா என்று மகளைக் கேட்டான். அவள் சிரித்தாள். இந்த விஷம் உடனே வெளியே தெரியாது; இன்றே வலித்துவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது. அந்தத் தழையில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று யாரும் சோதித்ததில்லை. அதை யாராவது தின்பார்கள் என்று யார் நினைத்தார்கள்? உடனே சாந்தம்மா வீட்டுக்கு வண்டியை எடுத்தான்.

சாந்தம்மாவின் கொட்டகையில் மாட்டின் முன்னால் பச்சைக் கட்டு கிடந்தது. கன்று மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வேறு எங்காவது அறுத்தேன் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்ற நப்பாசையில் கேட்டான்.

"நம்ம பாத்தியிலதான் சார். இந்த வெயில்ல வேற எங்க பச்சை இருக்குது? தண்ணியவே சுத்தம் பண்ற செடின்னு நீங்கதான சொன்னீங்க. அதான் சினை மாட்டுக்கு நல்லதுன்னு போட்டேன்."

விஷயத்தைச் சொன்னான். அவள் கத்தவில்லை.

"அப்ப அந்த அழுக்கெல்லாம் செடியிலயேவா நிக்குது? அத ஏன் சார் சொல்லல?"

சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. சாந்தம்மா போய்க் கன்றை மடியிலிருந்து பிய்த்து இழுத்தாள். அது கத்திக்கொண்டு மறுபடியும் பாய்ந்தது. இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள்.

"உங்க பாப்பாவும் சாப்புட்டுச்சா சார்?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.